அப்பாவின் வரைபடமும் என் வரைபடமும்

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய அலமாரியில் மடித்து வைத்த ஒரு வரைபடம் உண்டு. அதில் குமரிமுனைக்குத் தெற்கே ஆப்பிரிக்காவையும் ஆஸ்திரேலியாவையும் தொட்டுக்கொண்டு ஒரு பெருநிலம் கிடக்கும். "கடல் கொண்டதுடா" என்பார். எவ்வளவு கொண்டது என்று நானே பார்த்துவிடலாம் என ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

வேலை சுலபம்தான். ஜெப்கோ என்ற கடலடி ஆழத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. எவ்வளவு நீரை இறக்குவது என்பதற்குப் பவளம் சாட்சி. கடல்மட்டத்தை ஒட்டியே வளரும் ஒரு பவளவகை, பார்படோஸ் தீவருகே நூறு மீட்டருக்கும் கீழே புதைந்திருந்தது. அதைத் துளையிட்டு எடுத்து வயது கணித்து, ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ் 1989இல் முடிவை வெளியிட்டார். பனியுக உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது.

பத்து வரி பைத்தான் எழுதி ஓட்டினேன். பாக் நீரிணை காணாமல் போனது. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். குமரிக்குத் தெற்கே சில பத்துக் கிலோமீட்டர் தரை நீண்டது. அப்புறம் விளிம்பு, அதற்கப்பால் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். பெருநிலம் வரவில்லை.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "அப்போ நாங்க படிச்சதெல்லாம் பொய்யாடா?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் வரைபடத்தின் மூலம் லெமூரியா. மடகாஸ்கரில் இருக்கும் லெமூர்களின் உறவினங்கள் இந்தியாவில் எப்படி என்று விளக்க, 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் ஊகித்த நிலம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகம் தேவைப்படவில்லை. ஆனால் என் கோடும் முழு உண்மை இல்லை. நான் இறக்கியது இன்றைய கடலடியின் மீதிருந்த நீரை. ஆறுகள் கொட்டிய வண்டல், அலை அரித்த மணல், நீரின் பாரத்தில் அமிழ்ந்த தரை எதையும் என் பத்து வரி அறியாது.

"கடல் கொண்டது நிஜம்தான்ப்பா. ஆனா ஒரே ராத்திரியில இல்ல."

கணக்கு சொன்னேன். நூற்றிருபது மீட்டர் ஏற பத்தாயிரம் வருடங்களுக்கும் மேல் ஆனது. சராசரியாக வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர். சில காலங்களில் இன்னும் வேகம். ஐம்பது வருட வாழ்நாளில் அரை மீட்டர். பாக் நீரிணை மாதிரி தட்டையான நிலத்தில் அரை மீட்டர் ஏறினாலே கடல் பல நூறு மீட்டர் உள்ளே வந்துவிடும். அங்கே நகரமோ அரசனோ இல்லை. வேட்டையாடியும் மீன்பிடித்தும் திரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். தாத்தா குடிசை போட்ட இடத்தில் பேரன் முழங்காலளவு நீரில் நின்றிருப்பான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திரையில் ராமேஸ்வரத்தைத் தொட்டார். "இங்கேருந்து நடந்தே போயிருப்பாங்களாடா?"

"போயிருக்கலாம்ப்பா."

"அதைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டு."