கல்: ஒரு சொல்லும் பல மொழிக்குடும்பங்களும்

சொற்களின் வடிவ ஒப்புமையைக் கொண்டு மொழிகளின் உறவை நிறுவ முற்படும் போக்குத் தமிழாய்வில் நெடுங்காலமாக உண்டு. அயல்மொழி அகராதி ஒன்றில் தமிழ்ச்சொல்லைப் போன்று ஒலிக்கும் சொல் கண்ணிற்பட்டதும் இரண்டையும் ஒரே வேரினின்று பிறந்தனவாகக் கொள்வதும், பொருள் வேறாயின் அவ்வேற்றுமையைக் கற்பனை விளக்கம் ஒன்றால் இணைத்துவிடுவதும் இப்போக்கின் இயல்புகள். ஓரசைச் சொற்களில் இது மிகுதி. இதனை ஆராய்வதற்குக் கல் என்னும் சொல் ஏற்ற சான்றாகும். தமிழில் அது பாறைத்துண்டு. இந்தியில் நேற்றும் நாளையும். துருக்கியில் ‘தங்கு’ என்னும் ஏவல். கொரியத்தில், ஏறத்தாழ இதே ஒலியில், கத்தி. ஈற்றில் ஓர் அகரம் சேர்ந்து கல என்றானால் பின்லாந்து மொழியில் மீன். இவற்றுள் எவை உறவுச் சொற்கள், எவை வெறும் ஒலி ஒப்புமை உடையவை என்பதைப் பிரித்தறியும் வழியே இங்கு ஆராயப்படுகிறது.

பல பொருள் தரும் சொற்களைத் தமிழ் இலக்கண மரபு நன்கு அறியும். தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை, வினையால் பொருள் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது என இருவகைப்படுத்தும். மா பூத்தது என்றால் மரம் என்பது விளங்கும். மா வீழ்ந்தது என்றால் மரமோ விலங்கோ என்பது விளங்காது. ஆயின் இப்பகுப்பு ஒரு மொழியின் உள்ளே நிகழும் பொருள்மயக்கத்தைப் பற்றியது. மொழிகளுக்கு இடையே நிகழும் மயக்கத்திற்கு வேறோர் அளவுகோல் வேண்டும்.

முதலில் தமிழ்க் கல். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல் வாசகம் ஒன்று கல் என்னும் சொல்லையே முதலாகக் கொண்டு தொடங்குகிறது. ஆகோள் பூசலில் இறந்துபட்டவனுக்கு எடுத்த கல் அது. அன்று தொட்டு இன்றுவரை இச்சொல்லின் வடிவம் மாறவில்லை; பொருள் மட்டும் கிளைத்திருக்கிறது. எடைக்கல் இரும்பான பின்னரும் கல்லாகவே வழங்குகிறது. தோசைக்கல்லும் அவ்வாறே. நாமக்கல், திண்டுக்கல் என ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும், நோய்ப்பெயராகக் கல்லடைப்பிலும் அது நிற்கிறது. இவை அனைத்தும் ஒரு சொல்லின் பொருள் விரிவுகளே என்பதில் ஐயமில்லை.

கன்னடத்தில் இது கல்லு. தொகைச்சொல்லில் முதல் மெய் ஒலிப்புடையதாகி வீரகல்லு என்பதில் ‘gallu’ போன்று ஒலிக்கும் எனக் காட்டத் தமிழ் எழுத்து இடந்தராவிடினும், தமிழ் நடுகல்லில் வரும் ககரமும் அவ்வாறே ஒலிப்பதைச் செவியால் உணரலாம். தெலுங்கில் இன்று கல்லுக்கு ராயி என்பதே பெருவழக்கு. பழைய சொல் ஊர்ப்பெயரில் எஞ்சியுள்ளது. காகதியரின் தலைநகரான வாரங்கல்லின் பழம்பெயர் ஒருகல்லு; வடமொழியில் அதனை ஏகசிலாநகரம் என்று மொழிபெயர்த்தே வழங்கினர். இன்றைய தெலுங்கில் கல்லு என்று கேட்டால் கிடைப்பது கள். தமிழ் ளகர மெய் தெலுங்கில் லகரமாகும் இடங்கள் பல; தமிழில் முள், அங்கு முல்லு; தமிழில் கள், அங்கு கல்லு. எனவே ஒலியளவில் தமிழ்க் கல்லோடு முழுதும் ஒத்து நிற்கும் இத்தெலுங்குச் சொல் அதற்கு உறவன்று. அதன் உறவுச்சொல் தமிழில் வேறு மெய்யை ஈறாகக் கொண்டுள்ளது. ஒரே குடும்பத்தினுள்ளும் செவியை மட்டும் நம்புவது பிழைபடும் என்பதற்கு இஃதொன்றே போதும்.

இதற்கு நேர்மாறான நிலையைப் பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் பேசப்படும் பிராகுயி மொழியில் காண்கிறோம். அங்குக் கல்லைக் குறிக்கும் சொல் தொண்டையை ஒட்டிப் பிறக்கும் உரசொலியை முதலாக உடையது. அதனை ஃகல் என்று எழுதலாம். தமிழ்க் கல்லோடு அது முற்ற ஒத்ததன்று. ஆயின் கண் என்பதும் பிராகுயியில் ஃகன். வடஇந்தியத் திராவிட மொழியான குரூக்கிலும் கண் ஃகன் என்றும், காக்கை ஃகாஃகா என்றும் வழங்கும். மால்தோ மொழியில் கண்ணைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி உள்நாக்கிற் பிறக்கும் வெடிப்பொலி. ஆக, தெற்கில் ககரம் நிற்கும் இடத்தில் வடக்கில் வேறோர் ஒலி ஒழுங்காக நிற்கிறது. அவ்வொழுங்கிற்கும் ஓர் எல்லை உண்டு. இகர ஈகாரங்களுக்கு முன் குரூக்கில் ககரம் மாறுவதில்லை. கீழ் என்பதன் உறவுச்சொல் அங்கு ககரத்தோடு கிய்யா என்றே வழங்கும். எங்கு மாறும், எங்கு மாறாது என்று முன்கூட்டிச் சொல்ல இயலுவதே உறவின் சான்று. ஃகல், கல் ஆகிய இரண்டின் வேற்றுமை அவற்றின் உறவை உறுதிசெய்கிறது.

தமிழிலேயே கல் என்னும் வினை வேறுண்டு. கற்றான், கற்க, கல்வி என்பன அதன் வடிவங்கள். கல்லில் எழுதிப் படித்ததால் கற்றல் எனப் பெயர் வந்தது என்றும், கல்லுதல், அதாவது தோண்டுதல், என்பதிலிருந்து வந்தது என்றும் விளக்கங்கள் மேடைகளில் வழங்குகின்றன. கேட்க இனிமையாக இருப்பது சொற்பிறப்பிற்குச் சான்றாகாது. கன்னடத்தில் கற்றலைக் குறிக்கும் வினை கலி; கல்லைக் குறிப்பது கல்லு. தெலுங்கில் கற்றல் கரசு. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலி (1961, திருந்திய பதிப்பு 1984) இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. ஒலி ஒன்றாகவும் வரலாறு வேறாகவும் உள்ள இரு சொற்கள் இவை.

இந்திக்கு வருவோம். கல் என்பது நேற்றையும் நாளையையும் ஒருங்கே குறிப்பது இந்தி கற்கும் தமிழ் மாணவர்க்கு முதலில் வியப்பாகவும் பின்னர் இடர்ப்பாடாகவும் அமைகிறது. இதன் மூலம் வைகறையைக் குறிக்கும் வடமொழிக் கல்ய என்பது. பிராகிருதத்தில் அது கல்ல ஆயிற்று. வைகறை என்னும் பொருள் அடுத்த வைகறைக்குப் பெயர்ந்து நாளையாவது பல மொழிகளிலும் உள்ளதே. தெலுங்கில் நாளையைக் குறிக்கும் ரேபு என்பதற்கு விடியல் என்னும் பொருளும் உண்டு. செருமானிய மொழியிலும் காலைக்கும் நாளைக்கும் ஒரே சொல். இந்தோ-ஆரிய மொழிகளில் மேலும் ஒரு படி நிகழ்ந்து, கழிந்த வைகறைக்கும் இதே சொல் உரியதாயிற்று. இன்றைக்கு அணித்தாக ஒரு பகல் தொலைவில் உள்ள நாள் என்பதே அதன் பொருள். முன்னா பின்னா என்பதை வினையின் காலம் உணர்த்தும். கல் ஆயா என்றால் நேற்று வந்தான்; கல் ஆயேகா என்றால் நாளை வருவான். தொல்காப்பியர் கூறும் வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல்லுக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. வினையின்றிக் கல் கா அக்பார் எனின் நேற்றைய செய்தித்தாளா நாளையதா என்பது இடம்நோக்கியே அறியப்படும், இது வினைவேறுபடாதது.

உடன்பிறந்த மொழிகள் இம்மயக்கத்தை வெவ்வேறு வகையில் தீர்த்துக்கொண்டன. மராத்தியில் கால் என்பது நேற்றை மட்டும் குறிக்கும். நாளைக்கு உத்யா என்னும் தனிச்சொல் உண்டு. வங்காளத்தில் கதகால், ஆகாமிகால் என அடைகொடுத்து வேறுபடுத்துவர். இரட்டை மெய் ஒற்றையாகும்போது முன்னுள்ள உயிர் நீள்வது இம்மொழிகளின் பொதுவிதி. வடமொழிச் சப்த, பிராகிருதச் சத்த, இந்திச் சாத் என்பதைக் காண்க. இவ்விதிப்படி இந்தியிலும் கால் என்றே வந்திருத்தல் வேண்டும். குறில் நின்றதற்கு, இரட்டை மெய்யைக் காத்து நின்று கல்ல் என வழங்கும் பஞ்சாபியின் தாக்கத்தைக் காரணமாகக் கொள்வது பொருந்தும். இந்திக் கல் தமிழ்க் கல்லோடு ஒலியில் ஒன்றுபட்டதே இத்தகைய விதிவிலக்கு ஒன்றால்தான்.

துருக்கிக் கல் என்பது தங்குதல், எஞ்சுதல் எனப் பொருள்படும் வினையடி. கி.பி. எட்டாம் நூற்றாண்டு ஓர்கோன் கல்வெட்டுகளிலேயே காணப்படும் பழஞ்சொல். தமிழைப் போன்றே அங்கும் வினையடியே ஏவல் ஒருமையாக வரும். விடைபெறுபவர் ‘ஹோஷ்சா கல்’ என்பார். நலமாகத் தங்கு என்பது பொருள். கொரியக் கத்தியின் வரலாறு வேறு. 1446இல் கொரிய எழுத்து வெளியிடப்பட்ட பின் தோன்றிய நூல்களில் இச்சொல் ஈற்றில் மூச்சொலியுடன் கல்ஹ் எனக் காணப்படுகிறது. பின்னர் அம்மூச்சொலி முதலெழுத்துக்குப் பெயர்ந்தது. கல்சி என்னும் வாள்போன்ற மீனின் பெயரில் மட்டும் மூச்சொலியற்ற பழைய முதலெழுத்து எஞ்சியுள்ளது. கற்காலத்தில் கத்தி கல்லால் செய்யப்பட்டது, ஆதலின் கத்தியும் கல்லும் ஒன்றே எனக் கூற ஆசை எழுவது இயல்பு. ஹல்பர்ட் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலே எழுதினார். ஆயின் தனிச்சொற்களின் ஒப்புமைக்கு அப்பால், மொழி முழுவதும் செல்லும் ஒலி ஒழுங்கு எதுவும் அவ்விரண்டிற்கும் இடையே நிறுவப்படவில்லை.

கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் சித்திய மொழிகள் எனத் தாம் கருதிய பெருங்குழுவோடு இணைத்துக் காட்டினார். பின்லாந்து மொழியும் அக்குழுவில் அடங்கும். அம்மொழியில் மீன் கல என்பதைக் கண்டு தமிழ்க் கயலை நினைப்போர் இருக்கக்கூடும். ஆயின் கலவின் உறவு அங்கேரி மொழியில் உள்ளது. அங்கு மீன் ஹல். மூன்று என்பது பின்லாந்தில் கோல்மெ, அங்கேரியில் ஹாரோம். இறத்தல் என்னும் வினையின் அடி பின்லாந்தில் குவோல் எனத் தொடங்கும். அங்கேரியில் அதுவும் ஹல். ஆகவே அங்கேரியில் மீனும் இறத்தலும் ஒரே ஒலியில் வந்து கூடின. தமிழில் கல்லும் கற்றலும் கூடியது போலவே. இகரம் போன்ற முன்னுயிர்களுக்கு முன்னரோ ககரம் மாறவில்லை. கல்லைக் குறிக்கும் பின்லாந்துச் சொல் கிவி. அங்கேரியில் கோ என்பதற்கு அணித்தான ஒலியுடைய, ஆயினும் முன்னுயிர் கொண்ட, ஒரு சொல். பின்னுயிருக்கு முன் மாறி, முன்னுயிருக்கு முன் மாறாத இந்நிலை மேலே குரூக்கில் கண்டதே. இவ்வொற்றுமையும் உறவைக் காட்டாது. நாக்கின் பின்பகுதி பின்னுயிருக்காகப் பின்வாங்கும்போது ககரம் உரசொலியாக நெகிழ்வது எம்மொழியிலும் நிகழத்தக்கது.

மிகக் கடினமான சான்று இலத்தீன். அங்குச் சிறு கல் கல்குலுஸ். அதன் அடி சுண்ணக்கல்லைக் குறிக்கும் கல்க்ஸ். கூழாங்கற்களை வைத்து உரோமர் கணக்கிட்டமையால் கணக்கிடுதலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் இதிலிருந்து பிறந்தன. ஒலியும் ஒக்கிறது, பொருளும் ஒக்கிறது. போதாதென்று, இலத்தீனில் குதிகாலைக் குறிக்கும் கல்க்ஸ் ஒன்று வேறாக உண்டு. தமிழ்க் காலை அதனோடு இணைத்து இரண்டாம் சான்றாகக் காட்டவும் வழி உள்ளது. எனினும் முதற் கல்க்ஸ் கிரேக்கத்தில் கூழாங்கல்லைக் குறிக்கும் காலிக்ஸ் என்பதிலிருந்து பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது. அக்கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து மூச்சொலியுடையது. எஞ்சிய அடிப்படைச் சொற்களை நோக்கினால் ஒப்புமை உடனே சிதைகிறது. கண் அங்கு ஓகுலுஸ், கை மனுஸ், நான் எகோ, நீ தூ. இரண்டு சொற்கள் ஒத்ததைப் பெரிதாகவும், ஒவ்வாத நூற்றுக்கணக்கானவற்றைச் சிறிதாகவும் கொள்வது ஆய்வாகாது.

இத்தகைய தற்செயல் ஒப்புமைகள் மிகுதியாக நிகழக் காரணம் ஓரசைச் சொல்லின் குறுமையே. தொல்காப்பியர் கணக்கில் மொழிமுதலாகும் மெய் 9. மொழியிறுதியாகும் மெய் 11. ஐ, ஔ நீங்கலாக உயிர் 10. எல்லாம் எல்லாவற்றோடும் கூடும் எனக் கொண்டாலும் மெய்யில் தொடங்கி மெய்யில் முடியும் ஓரசை வடிவங்கள் 990க்கு மேல் இல்லை. கூடா எனும் விலக்குகளை நீக்கினால் இன்னும் குறையும். பிற மொழிகளின் எண்ணிக்கை கூடினும் குறையினும், ஓரசையின் இடம் எங்கும் சிறிதே. அச்சிறு இடத்தில் ஆயிரக்கணக்கான மொழிகள் தம் பொருள்களை வைக்க வேண்டியுள்ளது.

இவ்வளவுகோலைத் தளர்த்தினால் இழப்பு யாருக்கு என்பதைப் பிராகுயியின் வரலாறு காட்டும். லாசன் 1844இலேயே அதன் திராவிடத் தொடர்பைச் சுட்டினார். ஆயின் அதன் சொற்களில் பெரும்பகுதி பலோச்சி, பாரசீகம், அரபு முதலியவற்றின் வழிவந்தவை. அதனைப் பேசுவோரின் தலைமை ஊராக விளங்கிய கலாத்தின் பெயரும் கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லே. அதில் கல்லைத் தேடுதல் வீண். இக்கலப்பைக் கண்ட கால்டுவெல், அதில் திராவிடக் கூறு உண்டு என ஏற்றும், அதனைத் திராவிட மொழிகளின் வரிசையில் சேர்க்கத் தயங்கினார். ஒலிக்கும் சொற்களின் எண்ணிக்கையே அளவாயின் அத்தயக்கம் சரியானதே. டெனிஸ் பிரேயின் பிராகுயி இலக்கணம் 1909இல் வெளிவந்த பின்னரே, மூவிடப் பெயர்களும் வினைமுடிபுகளும் அடிப்படைச் சொற்களின் ஒலி ஒழுங்கும் ஒருங்கு நோக்கப்பட்டு அதன் இடம் உறுதியாயிற்று. எண்ணுப்பெயர்களில் அங்குத் திராவிடமாக எஞ்சியவை மூன்று மட்டுமே: அசிட், இராட், முசிட். நான்கு முதல் ஈரானிய மொழிச் சொற்கள்.