மல்லாட்டையை விற்றோம், கூழைக் குடித்தோம்

"ஓட்ஸை விட்டா காலையில வேற என்ன சாப்பிடலாம்? மாவுச்சத்து கம்மியா இருக்கணும், ராத்திரியே செஞ்சு வைக்கிற மாதிரி இருக்கணும்." நாற்பதைத் தாண்டிய நண்பர்கள் வட்டத்தில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. பாதிப் பேருக்கு சர்க்கரை, மீதிப் பேருக்கு "பார்டர்ல இருக்கு". பதில் தேடப் போனவன் பண்ருட்டி வட்டாரத்தின் பயிர் வரலாற்றில் போய் நின்றேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் ஓட்ஸ் கணக்கு

ஐரோப்பாவில் பல இடங்களில் ஓட்ஸ் குதிரைத் தீவனம். ஸ்காட்லாந்தில் ஏழைகளின் கஞ்சி. 1997-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்று பாக்கெட்டில் அச்சிட அனுமதித்தது. அதற்குப் பிறகு அது "ஆரோக்கியம்" என்ற சொல்லுக்கே மறுபெயர் மாதிரி ஆகிவிட்டது.

ஆனா 100 கிராம் ஓட்ஸில் மாவுச்சத்து கிட்டத்தட்ட 67 கிராம். அரிசியில் 78 போல. கேழ்வரகு இரண்டுக்கும் நடுவில், 70-ஐ ஒட்டி. ஓட்ஸில் நாரும் புரதமும் அரிசியைவிட அதிகம், மறுக்கவில்லை. ஆனாலும் அது குறைந்த மாவுச்சத்து உணவு கிடையாது. கஞ்சியை மாற்றி இன்னொரு கஞ்சி குடிக்கிறோம், அவ்வளவுதான்.

ராத்திரியே செய்து வைப்பது புதுசா?

இல்லவே இல்லை. நம்ம பக்கத்துக் காலைச் சாப்பாடே அப்படித்தான் இருந்தது. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் கிண்டி வைத்துவிடுவார்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, வெங்காயமோ மோர்மிளகாயோ கருவாடோ கடித்துக்கொண்டால் வேலை முடிந்தது. நெல் விளைந்த இடங்களில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு. அடுப்பு பற்றவைக்காமல் விடியற்காலையில் கழனிக்குப் போக இதைவிட நல்ல ஏற்பாடு ஏது?

ஆனா இதை "நம் முன்னோர்களின் சர்க்கரை மருந்து" என்று சிலர் பகிர்வதை ஏற்க முடியவில்லை. கூழும் மாவுச்சத்துதான். ஆறிய சோற்றில் ஒரு சிறு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறும் என்பது உண்மை, மீதியெல்லாம் சோறுதான். அது அவர்களுக்கு ஒத்துப்போனதற்குப் பெரிய காரணம், குடித்த பிறகு செய்த வேலை. ஏற்றம் இறைத்தவருக்குத் தேவைப்பட்ட எரிபொருள் அது.

விளைந்தது எங்கே போனது?

எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். மாவுச்சத்து குறைந்த, புரதமும் கொழுப்பும் நிறைந்த பயிர்கள் இந்த மண்ணில் இல்லாமலா இருந்தன?

தென்னார்க்காடு மாவட்டம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தின் முக்கியமான வேர்க்கடலைப் பகுதியானது. நம்ம ஊரில் அதற்குப் பேர் மல்லாட்டை. 'மணிலாக் கொட்டை' என்பதன் சுருக்கம். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் எந்த வழியாக வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. விளைந்ததில் பெரும்பங்கு பக்கத்திலேயே இருந்த பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே எண்ணெயாகி, சோப்பும் ஆனது. 1879-ல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை வந்தது. 1905-ல் பண்ருட்டிக்குப் பக்கத்தில் பாலூரில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

உள்ளூரில் செக்கில் ஆட்டிய கடலையின் எண்ணெய் சந்தைக்குப் போனது. புரதம் மிகுந்த பிண்ணாக்கு மாட்டுக்கும் வயலுக்கும் போனது. விளைவித்தவர் வீட்டில் கூழ். மல்லாட்டை ஆயும் காலத்தில் அவித்துத் தின்பார்கள். அது அந்தப் பருவத்தின் நொறுக்குத் தீனி, தினசரி உணவாக நிலைக்கவில்லை.

முந்திரிக் கதையும் இதேதான். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்த மரம், பண்ருட்டி–நெய்வேலிச் செம்மண்ணில் காடாக வளர்ந்தது. தோலிலிருந்து வரும் எண்ணெய் கையைப் பொசுக்கும். அதோடு போராடி உடைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முழுப் பருப்பு வெளியூருக்கு, உடைந்த குருணை உள்ளூருக்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மீண்டு வந்த அந்த இரண்டுக்கும் 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆக, நாம் கொழுப்பையும் புரதத்தையும் விற்று, அந்தக் காசில் மாவுச்சத்து வாங்கிச் சாப்பிட்டவர்கள். விலை அப்படி இருந்தது. இதில் யாருடைய அறியாமையும் இல்லை.

கழனி ஷிஃப்ட் ஆனபோது

1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது, 1962-ல் மின் உற்பத்தி வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் பல குடும்பங்களுக்குக் காலை என்பது சங்கு நேரமாக மாறியது. கூழ்ச்சட்டியைவிட டிபன் பாக்ஸில் இட்லி எடுத்துப் போவது சுலபம், மரியாதையும்கூட. கிரைண்டர் வந்தது, ரேஷன் அரிசி மலிவானது. ஒரு காலத்தில் பல வீடுகளில் பண்டிகைக்கு மட்டும் இருந்த இட்லி தினப்படி ஆனது. அடுத்த தலைமுறை, அதாவது என் தலைமுறை, நாற்காலிக்குப் போய்விட்டது. வேலை இரண்டு முறை மாறியது. தட்டில் இருந்த மாவுச்சத்தின் பங்கு மட்டும் மாறவில்லை.

விளைவு? சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்–இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் சொன்னது. அதே ஆய்வின் 2025 கட்டுரைப்படி நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. இன்னொன்றும் அதில் உண்டு: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியை விட்டுக் கோதுமை, சிறுதானிய மாவுக்கு மாறியதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. அதில் ஒரு பங்கைப் பயறு, பால், முட்டை, மீன் புரதமாக மாற்றினால் குறைவதாகத் தெரிகிறது.

சரி, நாளைக்குக் காலையில என்ன?

*மல்லாட்டைச் சுண்டல்:* ராத்திரி ஊறவைத்து, காலையில் உப்புப் போட்டு ரெண்டு விசில். வெங்காயம், மாங்காய் சேர்த்தால் போதும். 30 கிராம் காய்ந்த பருப்பில் புரதம் 7–8 கிராம், மாவுச்சத்து 5 கிராம்தான். அதிலும் பாதி நார். விலையிலும் ஓட்ஸோடு தாராளமாகப் போட்டி போடும்.

*முட்டை:* ராத்திரியே ரெண்டு அவித்து, ஓட்டோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். புரதம் 12 கிராம், மாவுச்சத்து ஒரு கிராம் போல.

*அரிசி போடாத பச்சைப்பயறு அடை:* ஊறவைத்து அரைத்த மாவு ரெண்டு நாள் தாங்கும். பயறிலும் மாவுச்சத்து உண்டு. ஆனா 100 கிராமில் 24 கிராம் புரதமும் இருக்கிறது.

*பலாக்காய்:* ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் 40 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், அரிசி அல்லது கோதுமைக்குப் பதிலாக தினம் 30 கிராம் பலாக்காய் மாவு 12 வாரம் சாப்பிட்டவர்களுக்கு ஹெச்.பி.ஏ.1.சி குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனா பழமாவதற்கு முன் பறித்த காயைப் பற்றியது. பழம் வேறு கணக்கு. பிஞ்சு கிடைக்கும் மாதங்களில் முதல் நாளே வேகவைத்து வைத்துக்கொண்டால், காலையில் முட்டையோடு கிளறப் பத்து நிமிஷம்.

நான் மென்பொருள்காரன், மருத்துவன் இல்லை. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்குப் புரத அளவு முக்கியம். டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றபடி, மார்செய்க்குக் கப்பல் ஏறிய அதே மல்லாட்டை இன்றைக்கும் பண்ருட்டிச் சந்தையில் படியில் அளந்து விற்கிறது. இந்தத் தடவை நாமே வாங்கிக்கொள்ளலாம்.