முடக்கமா, பழுதா? திறக்க மறுக்கும் ஆவணங்களைத் தேடிப்போன கதை

"அக்கா, அந்தப் பொலிஸ் முறைப்பாட்டு ஆவணத்தை எடுத்துப்போட்டீங்களோ? மேலயிருந்து ஏதும் அழுத்தமோ?" என்று வாசகர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். நான் எழுதுவதோடு தொழில்நுட்ப வேலைகளையும் பார்த்துக்கொடுக்கும் சிறிய தமிழ்த் தளம் அது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்ற பதில்களைக் கட்டுரைகளுடன் பிடிஎஃப் கோப்புகளாக வெளியிட்டு வருகிறோம். கோப்பைப் பக்கத்துக்குள்ளேயே விரித்துக் காட்டுவது வேர்ட்பிரஸ் பிளக்இன் ஒன்று. அன்றிரவு அந்த இடத்தில் சாம்பல் நிறப் பெட்டியும், ஆவணத்தை ஏற்ற முடியவில்லை என்ற ஒற்றை வரியும்தான் இருந்தன.

எல்லா ஆவணங்களும் போயிருந்தால் பழுது என்று உடனே நினைத்திருப்போம். ஆனால் குடிநீர்த் திட்டம் திறந்தது. வீதி அபிவிருத்தி திறந்தது. பாடசாலை ஆளணியும் திறந்தது. திறக்காதவை பொலிஸ் முறைப்பாடுகள், காணாமல்போனோர் விபரம், போராட்டத் தடையுத்தரவு ஆகிய மூன்றும். இந்தப் பட்டியலைப் பார்க்கும் எவரும் யாரோ தெரிந்தெடுத்துக் கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஆசிரியர் தளத்தின் மீது தணிக்கை என்று செய்தி எழுதத் தொடங்கிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2007 ஜூனில் தமிழ்நெட் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் இல்லாத முடக்கத்தை ஒருமுறை செய்தியாக்கிவிட்டால், உண்மையாகவே முடக்கும் நாளில் எங்களை நம்ப ஆளிருக்காது. அதனால் செய்தியை நிறுத்திவைத்துவிட்டு, முதலில் சேர்வரைக் கேட்டோம்.

முடக்கம் எப்படித் தெரியும்

பூட்டுக்குறியுடன் திறக்கும் எச்டிடிபிஎஸ் தளத்தில், இணையச் சேவை வழங்குநருக்கு நீங்கள் எந்த டொமைனுக்குப் போகிறீர்கள் என்பது மட்டுமே தெரியும். அதற்குள் எந்தப் பக்கம், எந்தக் கோப்பு என்பது மறைகுறியாக்கத்துக்குள் போய்விடும். எனவே வழங்குநர் முடக்கினால் முழுத் தளமும் போகும். கட்டுரை திறக்கிறது, அதே டொமைனில் உள்ள ஒரு பிடிஎஃப் மட்டும் திறக்கவில்லை என்றால், அது வழியில் மறிக்கப்படவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சில தளங்கள் கோப்புகளை வேறு டொமைனில் உள்ள சேமிப்பிடத்தில் வைத்திருக்கும். அப்படியானால் அந்த டொமைனைத் தனியாகச் சோதிக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் இணைய இணைப்பு, வெளிநாட்டில் இருக்கும் நண்பர் ஒருவர், இவ்விரண்டும் போதும். அங்கும் இதே பிழை வந்தால் பழுது உங்கள் பக்கம்தான். இன்னும் உறுதியான சாட்சி சேர்வரின் பதிவேடு. ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் அணுகல் பதிவு என்று ஒன்று இருக்கும். வாசகரின் கோரிக்கை அதில் பதிவாகியிருந்தால், அது சேர்வர்வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பதிவேட்டில் எல்லாக் கோரிக்கைகளும் வந்திருந்தன. பக்கத்தில் 404 என்ற இலக்கமும் இருந்தது.

ஆக, தணிக்கைச் செய்தி அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. மூன்று கோப்புகள் மட்டும் ஏன் என்ற கேள்வி மிச்சமிருந்தது.

முதலில் பிளக்இன்னைக் கழற்றாதீர்கள்

பெரும்பாலானோர் செய்வது இதுதான். பிளக்இன்னை அழித்து மீண்டும் நிறுவுவது, சரிவராவிட்டால் வேறொன்றைத் தேடுவது. இதில் பழைய அமைப்புகள் போய்விடும், பழுது அப்படியே இருக்கும்.

பிளக்இன் தானாக ஆவணத்தை வைத்திருப்பதில்லை. அது வாசகரின் உலாவிக்கு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலை அனுப்புகிறது. அந்த நிரல் சேர்வரிடம் கோப்பைக் கேட்டு வாங்கித் திரையில் வரைகிறது. பிடிஎஃப் காட்டும் பிளக்இன்கள் பலவற்றுக்குள் இருப்பது மொஸில்லா உருவாக்கிய பிடிஎஃப் ஜேஎஸ் என்ற நூலகம். எனவே கேள்விகள் இரண்டு: நிரல் வந்து சேர்ந்ததா, நிரல் கேட்ட கோப்பு வந்து சேர்ந்ததா.

கோப்பின் நேரடி முகவரியைப் பிரதிசெய்து புதிய தாவலில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் பிரச்சினை கோப்பிலோ சேர்வரிலோ. அங்கே திறந்து, பிளக்இன்னில் மட்டும் திறக்கவில்லை என்றால் இரண்டுக்கும் இடையிலுள்ள விதிகளில். பிறகு கணினியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வேர்க் தாவலைத் திறந்து பக்கத்தை மீளேற்றுங்கள். சிவப்பாக நிற்கும் வரியின் இலக்கமே பாதி விடை. 404 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. 403 என்றால் இருக்கிறது, தர மறுக்கிறது. 500 என்றால் சேர்வரே தடுமாறுகிறது. இலக்கமே இல்லாமல் தடுக்கப்பட்டது என்று மட்டும் இருந்தால், மறித்தது பெரும்பாலும் வாசகரின் உலாவிதான்.

ஒரே பெயர், இரண்டு கோப்பு

எங்களுடையது 404. ஆனால் கோப்பு மேலாளரைத் திறந்தால் கோப்பு கண்முன்னே இருந்தது. லிங்க்கில் உள்ள பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். இரவு ஒரு மணிவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறக்காதவற்றின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய பிறகுதான் விஷயம் கண்ணில் பட்டது. பொலிஸ், காணாமல்போனோர், போராட்டம். எல்லாவற்றிலும் ஒகர ஓகார உயிர்மெய் இருந்தது. திறந்த எதிலும் அது இல்லை.

யூனிகோட்டில் ொ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ெ, ா என்று இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். ோ, ௌ ஆகியவற்றுக்கும் இதேதான். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. யூனிகோட் தரத்தின்படி இரண்டும் சமமானவை. ஆனால் லினக்ஸ் சேர்வர் பொதுவாகக் கோப்புப் பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை, வெறும் பைட்டுகளின் வரிசையாகவே பார்க்கிறது. பைட் மாறினால் அதற்கு அது வேறு பெயர்.

முந்தைய வாரம் ஹோஸ்டிங் மாற்றியிருந்தோம். காப்புப்பிரதியை ஒரு பழைய மக் கணினியில் இறக்கி, விரித்து, அங்கிருந்து புதிய சேர்வருக்கு ஏற்றினோம். பழைய மக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். தரவுத்தளத்தில் இருந்த லிங்க்குகளோ சேர்ந்த வடிவில். கேட்டது ஒன்று, இருந்தது இன்னொன்று. தணிக்கையாளர் என்று நாங்கள் நினைத்தது ஒரு கொம்பும் ஒரு காலும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழியொன்று உண்டு. உலாவியில் தமிழ் முகவரியைப் பிரதிசெய்து குறிப்பேட்டில் ஒட்டினால் அது பெரும்பாலும் நூற்றுவீதக் குறிகள் நிறைந்த நீண்ட வரியாக மாறும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், அது முகவரியில் 9 எழுத்தாகும். பக்கத்தில் உள்ள லிங்க்கையும், கோப்பு மேலாளரிலிருந்து எடுத்த கோப்பின் முகவரியையும் இப்படி ஒட்டி நீளத்தை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஒகரத்துக்கும் 9 எழுத்து வித்தியாசம் வந்தால் இதுதான் காரணம். சேர்வரில் கட்டளை வரி அனுமதி இருந்தால் கன்வ்எம்வி என்ற கருவி ஒரே தடவையில் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடும். ஔ என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டச்சு செய்திருந்தால் அதை எந்தக் கருவியும் திருத்தாது. அது எழுத்துப்பிழை, கையால்தான் திருத்த வேண்டும்.

நாங்கள் எல்லாக் கோப்புகளுக்கும் ஆங்கில எழுத்தும் திகதியும் கொண்ட பெயர் வைத்துவிட்டோம். தமிழ்த் தளத்தில் அப்படிச் செய்வது மனதுக்கு உவப்பானதல்ல. ஆனால் தமிழ்ப் பெயருக்கு வேறு சிக்கல்களும் உண்டு. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும், தமிழில் அது 85 குறியீடு மட்டுமே. வேர்ட்பிரஸ் கட்டுரை முகவரிக்கான இடம் 200 எழுத்து. தமிழ்த் தலைப்பு 22 குறியீட்டுடன் அறுந்துபோவது அதனால்தான். ஆங்கிலப் பெயர் வைப்பதானால் சிறிய எழுத்துகளிலேயே வையுங்கள். விண்டோஸ் கணினியில் சோதிக்கும்போது பெரிய, சிறிய எழுத்து பேதம் பார்க்காமல் திறந்த கோப்பு, லினக்ஸ் சேர்வரில் 404 கொடுக்கும்.

மற்ற வழக்கமான குற்றவாளிகள்

தளத்தை எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்க்கு மாற்றியவர்களுக்கு அடிக்கடி வருவது கலப்பு உள்ளடக்கப் பிரச்சினை. பழைய கட்டுரைகளில் கோப்பின் முகவரி பழைய வடிவிலேயே கிடக்கும். படங்களை உலாவி எப்படியாவது சமாளிக்கும். ஆனால் நிரல் ஒன்று கேட்கும் கோப்பைப் பாதுகாப்பற்ற முகவரியிலிருந்து எடுக்க அனுமதிக்காது. தரவுத்தளத்தில் நேரடியாகத் தேடி மாற்றும் கட்டளையை மட்டும் போடாதீர்கள். பிளக்இன் அமைப்புகள் பலவற்றில் ஒவ்வொரு சொற்றொடரின் நீளமும் இலக்கமாகச் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். ஓர் எழுத்துக் கூடினாலும் கணக்குப் பிழைத்து அமைப்பு முழுவதும் வாசிக்க முடியாததாகிவிடும். பெட்டர் சேர்ச் ரீப்பிளேஸ் போன்ற பிளக்இன்கள் இந்த நீளத்தையும் சேர்த்தே திருத்தும்.

அடுத்தது மூல டொமைன் விதி. முன்னால் மூன்று டபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் உங்களுக்கு ஒன்று, உலாவிக்கு இரண்டு தளம். பக்கம் ஒன்றிலும் கோப்பு மற்றதிலும் இருந்தால், லிங்க்கை அழுத்தினால் திறக்கும், பிளக்இன்னுக்குள் திறக்காது. எல்லா வருகையையும் ஒரே வடிவத்துக்குத் திருப்பிவிட்டு, கோப்புகளின் முகவரியையும் அதே வடிவத்தில் வைத்தால் தீரும்.

403 வந்தால் அனுமதிகளைப் பாருங்கள். கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்பதே வழக்கம். சிலர் சொல்வதுபோல 777 போடுவது, கதவு இறுகினால் வீட்டையே திறந்துவிட்டுப் போவதற்குச் சமம். அனுமதி சரியாக இருந்தும் 403 என்றால், படத் திருட்டைத் தடுக்கும் ஹாட்லிங்க் பாதுகாப்போ, ஹோஸ்டிங் நிறுவனத்தின் பாதுகாப்புச் சுவரோ காரணமாகலாம். அதற்கு அவர்களிடம் நேரமும் கோப்பு முகவரியும் குறிப்பிட்டு எழுத வேண்டும். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் வரும் பதிலும் அதே தரத்தில்தான் இருக்கும்.

பிளக்இன்னைப் புதுப்பித்த மறுநாளே பழுது வந்தால் பார்க்க வேண்டியது நிரல் கோப்புகளை. பிடிஎஃப் ஜேஎஸ் 4ஆம் பதிப்பிலிருந்து அதன் நிரல்கள் எம்ஜேஎஸ் என்ற பின்னொட்டுடன் வருகின்றன. அந்தப் பின்னொட்டு ஜாவாஸ்கிரிப்ட்தான் என்று தெரியாத சேர்வர், அதை வெறும் தரவாக அனுப்பும், உலாவி ஏற்காது. ஹோஸ்டிங் பலகையில் மைம் வகைகள் என்ற பகுதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். பிரதான நிரலும் அதன் துணை நிரலும் வெவ்வேறு பதிப்பாக இருந்தாலும் இதே கதி. பெரும்பாலும் கேஷ் பிளக்இன் பழையதொன்றைப் பிடித்துவைத்திருக்கும். முதலில் கேஷைக் காலிசெய்யுங்கள். நிரல் கோப்பே காணாமல் போயிருந்தால், வேர்ட்பிரஸ் அந்த இடத்தில் தனது பிழைப் பக்கத்தை அனுப்பக்கூடும். அப்போது கொன்சோலில் எதிர்பாராத கோணக்குறி என்று ஒரு புலம்பல் வரும். நிரலில் தவறு இருப்பதாக எண்ணி அதைத் தோண்ட வேண்டாம், கோப்பைத் திரும்ப ஏற்றுங்கள்.

ஆவணம் திறந்தும் உள்ளே ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தால் அது ஏற்றப் பிரச்சினையே அல்ல. பாமினி எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள். அரச அலுவலகங்களிலிருந்து வரும் ஆவணங்களில் இதை இன்னும் காண்கிறேன்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் தளத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே கோப்புக்கான சாதாரண லிங்க் ஒன்றும் இருக்கிறது. பிளக்இன் விழுந்தாலும் ஆவணம் கிடைக்கும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமிக்கும்போதும் அந்த நேரடி முகவரியையே கொடுக்கிறோம், நிரலால் வரையப்படும் பெட்டிகள் அங்கே பல தடவை வெறுமையாகவே பதிவாகின்றன.

பெயர் மாற்றினால் பழைய முகவரிகளுக்கு 301 வழிமாற்றம் போட மறக்க வேண்டாம். நாங்கள் மறந்துவிட்டோம். நான்கு நாள் கழித்து அதே வாசகர், தான் முன்பு குழுவொன்றில் பகிர்ந்த காணாமல்போனோர் விபரத்தின் பழைய லிங்க்கை அனுப்பி, "அக்கா, இது திரும்பவும் போட்டுது" என்று எழுதியிருந்தார்.