இரு தீவுத் தொகுதிகள், இரு ஓடுபாதைகள்

அந்தமானின் தலைநகர் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் தொலைவில் வங்காள விரிகுடாவுக்குள் கிடக்கிறது. அரபிக்கடலில் உள்ள இலட்சத்தீவுகளின் அகத்தியோ கொச்சியிலிருந்து 459 கிலோமீட்டர்தான். ஆயினும் பெரிய ஜெட் விமானங்கள் நாள்தோறும் வந்திறங்குவது தொலைவிலுள்ள தீவில். அருகிலுள்ள தீவுக்கு எண்பது பேருக்கு மேல் கொள்ளாத சுழல்விசிறி விமானங்களே போய்வருகின்றன. இந்த முரணுக்கு அரசின் அக்கறை, அக்கறையின்மை என்று காரணம் சொல்வது எளிது. ஆனால் விடையின் பெரும்பகுதி அத்தீவுகளின் மண்ணிலேயே இருக்கிறது.

மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் தெற்கே கடலுக்குள் அமிழ்ந்து சுமத்ராவை நோக்கிச் செல்லும் வழியில், நீருக்கு மேல் தலைகாட்டும் அதன் முகடுகளே அந்தமான் நிக்கோபார்த் தீவுகள். ஆகவே அங்கே 732 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரம் உண்டு, அடர்காடு உண்டு, 8,249 சதுர கிலோமீட்டர் நிலமும் உண்டு. இலட்சத்தீவுகள் மலையின் மிச்சமல்ல, பவள உயிரிகளின் சுண்ணாம்புக்கூடுகள் அடுக்கடுக்காகப் படிந்து வளையம் வளையமாக எழுந்த திட்டுகள். வளையத்தின் நடுவில் லகூன் எனப்படும் ஆழமற்ற நீர்ப்பரப்பும், ஓரத்தில் கடல்மட்டத்துக்குச் சில மீட்டரே மேலான மணல்நிலமும் அமைந்த இத்தகைய 36 தீவுகளின் பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர்தான் தேறும். அவற்றிலும் மக்கள் வாழ்பவை பத்து.

மக்கள்தொகையின் கதையும் இருவேறு. 1858 மார்ச்சில் முதல் கைதிகளை ஏற்றிய கப்பல் தலைநகர் போர்ட் பிளேரை அடைந்ததிலிருந்து, அந்தமானின் மக்கள் பெருமளவு கடல்கடந்து வந்தவர்களே. விடுதலைக்குப் பின் கிழக்கு வங்க அகதிகளுக்கு அங்கே நிலம் வழங்கப்பட்டது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்டன, பிழைப்புத் தேடிச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள் வேறு. 1951இல் 30,971 ஆக இருந்த தொகை 1971இல் 1,15,133 ஆகவும் 2011இல் 3,80,581 ஆகவும் பெருகியதற்கும், வங்காளம், இந்தி பேசுவோருக்கு அடுத்து அங்கே தமிழ் பேசுவோர் மிகுந்திருப்பதற்கும் காரணம் இதுவே. கைதிகள் வந்த நாள்முதல் கிரேட் அந்தமானியர் போன்ற தொல்குடிகள் நோயாலும் நிலமிழப்பாலும் ஒரு கைப்பிடி மக்களாகச் சுருங்கியதையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே எழுத வேண்டும். இலட்சத்தீவுகளிலோ வெளியார் குடியேற்றம் இல்லையென்றே சொல்லலாம். இருந்தும் 1951இல் 21,035 ஆக இருந்த மக்கள் 2011இல் 64,473 ஆனபோது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்ற நெருக்கடி வந்துவிட்டது. அந்தமான் நிக்கோபாரில் அந்த அளவு 46தான்.

அந்தமானின் ஓடுபாதை பயணிகளுக்காகப் பிறந்ததன்று. 1942 மார்ச் 23 அன்று தீவைக் கைப்பற்றிய ஜப்பானியர், தீவுவாசிகளைக் கட்டாய வேலையில் ஈடுபடுத்தி, லம்பாலைன் பகுதியில் போர் விமானங்களுக்கென அமைத்த களமே அதன் மூலம். 1943 டிசம்பர் 29 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேருக்கு வந்ததும் விமானத்தில்தான். போருக்குப் பின் இந்திய அரசு அக்களத்தைப் படிப்படியாக நீட்டியது. இன்று ஓடுபாதை 3,290 மீட்டர் நீளம், கடற்படையும் பயணியர் விமானங்களும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2002இல் வீர் சாவர்க்கரின் பெயர் பெற்ற இந்நிலையத்துக்கு 2023 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நகரத்தின் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என மாறியது.

நிலம் தந்த மலை, வானத்தில் ஒரு தடையையும் வைத்தது. ஓடுபாதையின் ஒரு முனையை ஒட்டிக் குன்றுகள் நிற்பதால், விமானங்கள் ஒரு திசையிலிருந்தே இறங்கி, எதிர்த்திசையில் எழும்ப வேண்டியுள்ளது. எதிர்காற்றில் இறங்குவதே விமானத்துக்குப் பாதுகாப்பு. பருவக்காற்று பின்னாலிருந்து தள்ளும் வேளையில் திசையை மாற்றிக்கொள்ள வழியில்லாததால், நெடுங்காலம் இங்கு விமானங்கள் காலை வேளையிலேயே மொய்த்தன. அந்தமான் தமிழர் ‘மெயின்லேண்ட்’ என்று சொல்லும் பெருநிலத்துக்குக் கப்பலில் இரண்டு மூன்று நாள் ஆகும் பயணத்தை, இந்தக் காலை விமானங்கள் இரண்டு மணிநேரமாகச் சுருக்கின.

இலட்சத்தீவுகளின் பழைய வாகனம் ஓடம். தேங்காயையும் கயிற்றையும் ஏற்றி மலபாருக்கும் மங்களூருக்கும் பாய்விரித்துப் போகும் அவை, திரும்புகையில் அரிசி கொண்டுவரும்; தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கரையேற்றப்பட்டுவிடும், தீவும் சில மாதங்களுக்குத் தனித்துவிடும். 1956 நவம்பர் 1 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை என்பதும், வடக்கிலுள்ள அமினிதிவித் தீவுகள் தென்கனரா மாவட்டத்தோடும் மற்றவை மலபாரோடும் இணைந்திருந்தன என்பதும் தமிழ் வாசகர் பலர் மறந்துபோன செய்தி. ஒன்றியப் பகுதியான பின்னும் தலைமையிடம் கோழிக்கோட்டிலேயே இருந்து, 1964இல்தான் கவரத்திக்கு மாறியது.

விமானம் வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1988 ஏப்ரலில் அகத்தியின் தென்முனையில் திறக்கப்பட்ட ஓடுபாதை, வாயுதூத் நிறுவனம் ஓட்டிய, பத்தொன்பது இருக்கை கொண்ட டோர்னியர் விமானத்தை மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டது. நீளம் 1,200 மீட்டரைச் சற்றே தாண்டும். தீவு அந்த இடத்தில் அவ்வளவு ஒடுக்கம் என்பதால், இறங்கும் விமானத்தின் இருபுறச் சன்னல்களிலும் தண்ணீரே தெரியும். பின்னர் ஏடிஆர் விமானங்கள் வரத் தொடங்கியபோதும், குறுகிய பாதையில் நிற்கவும் எழும்பவும் எடையைக் குறைக்க வேண்டியிருந்ததால் சில இருக்கைகளைக் காலியாக விடும் நிலை வந்தது. பாதையைத் தெற்கே கல்பிட்டித் திட்டு வரை நீட்டும் யோசனை, இடையிலுள்ள பவளத்தைப் புதைக்காமல் நிறைவேறாது.

அகத்தியில் இறங்கினாலும் பயணம் முடிவதில்லை. தலைநகரான கவரத்திக்கு அங்கிருந்து படகோ ஹெலிகாப்டரோ பிடிக்க வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலில் வருவோர்க்கும் பல தீவுகளில் இதே நிலைதான்: ஆழமற்ற லகூனுக்குள் கப்பல் நுழைய முடியாததால் அது பவளத்திட்டுக்கு வெளியே நிற்க, அலையில் ஏறி இறங்கும் சிறுபடகு பக்கவாட்டில் வந்து அணையும்போது, கைக்குழந்தைகளும் மூட்டைகளும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறிக் கீழே இறங்குகின்றன.