சுனிதி நாம்ஜோஷி

சுனிதி நாம்ஜோஷி (பிறப்பு: 1941, மும்பை) ஆங்கிலத்தில் எழுதும் இந்தியக் கவிஞரும் நீதிக்கதை ஆசிரியரும் சிறுவர் இலக்கிய எழுத்தாளரும் ஆவார். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். 1981இல் வெளிவந்த ஃபெமினிஸ்ட் ஃபேபிள்ஸ் என்னும் பெண்ணிய நீதிக்கதைத் தொகுப்பு இவரைப் பரவலாக அறியச் செய்தது. அதிதி என்ற சிறுமியை நாயகியாகக் கொண்ட இவரது சிறுவர் கதை வரிசை, சென்னையின் தூலிகா பதிப்பகம் வழியாக இந்தியச் சிறுவர்களை வந்தடைந்தது. தாம் பயின்றும் கற்பித்தும் வந்த ஐரோப்பிய இலக்கியத்தின் அரக்கர்களையும் டிராகன்களையும் ஓர் இந்தியச் சிறுமியின் முன் கொண்டுவந்து நிறுத்தியதே இவ்வரிசையின் தனித்தன்மை எனலாம்.

இளமையும் கல்வியும்

சுனிதியின் தந்தை மனோகர் விநாயக் நாம்ஜோஷி பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் சோதனை விமானியாகப் பணியாற்றியவர். 1953இல் விமான விபத்தொன்றில் அவர் உயிரிழந்தார். தாய் சரோஜினி, மகாராட்டிரத்தின் பல்டண் சமஸ்தானத்தை ஆண்ட நாயக் நிம்பாள்கர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். பாட்டனாரின் அரண்மனையில் கழிந்த குழந்தைப் பருவமும், அங்கு தம்மை வளர்த்த கோஜா என்ற பணிப்பெண்ணின் நினைவும் இவரது எழுத்தில் மீண்டும் மீண்டும் வருகின்றன. 2000ஆம் ஆண்டில் வெளியான தன்வரலாற்று நூலுக்கு அப்பணிப்பெண்ணின் பெயரையே இவர் சூட்டினார். அரச குடும்பத்துப் பெண் எழுதிய வாழ்க்கை வரலாறு ஒரு பணிப்பெண்ணின் பெயரைத் தாங்கி வருவது அரிதான செயலாகும்.

இமயமலை அடிவாரத்தில் உள்ள வுட்ஸ்டாக் பள்ளியிலும், பின்னர் ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியிலும் இவர் பயின்றார். பிந்தையது ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையைப் பின்பற்றுவது. சென்னை அடையாற்றை அடுத்த வசந்த விகாரைத் தலைமையிடமாகக் கொண்ட கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளையைச் சார்ந்தது. புனே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலைப் பட்டமும் முதுகலைப் பட்டமும் பெற்றபின், புனே ஃபெர்குசன் கல்லூரியில் சிறிது காலம் ஆங்கில விரிவுரையாளராக இருந்தார்.

ஆட்சிப் பணியும் அதைத் துறத்தலும்

1964இல் சுனிதி இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் அப்பணியில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். பணியிலிருந்தபோதே கவிதை எழுதி வந்தார். முதல் தொகுதி 1967இல் கல்கத்தாவின் ரைட்டர்ஸ் ஒர்க்ஷாப் வெளியீடாக வந்தது. அடுத்த ஆண்டு, கோவிந்தாக்ரஜ் என்ற புனைபெயரில் எழுதிய மராத்திக் கவிஞர் இராம் கணேஷ் கட்கரியின் கவிதைகளைத் தம் தாயாருடன் இணைந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆங்கிலத்தில் மட்டுமே எழுதியவர் என்பதால் தாய்மொழியிலிருந்து விலகியவர் என்று இவரைக் கருதுவோர் இந்நூலை மறந்துவிடுகின்றனர்.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்திற்குச் சென்று 1969இல் பொது நிர்வாகத்தில் பட்டம் பெற்றார். அதன்பின் ஆட்சிப் பணிக்குத் திரும்பாமல் அதைத் துறந்து, கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எஸ்ரா பவுண்டின் கவிதைகளைப் பற்றிய ஆய்வுக்காக 1972இல் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியக் குடும்பமொன்றில், அதுவும் 1960களில், ஆட்சிப் பணியை விட்டுவிட்டு இலக்கியம் படிக்கச் செல்வது எத்தகைய முடிவு என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலப் பேராசிரியராக

1972இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ கல்லூரியில் ஆங்கிலத் துறையில் சேர்ந்த சுனிதி, 1980களின் பிற்பகுதி வரை அங்குக் கற்பித்தார். 1978-79ஆம் ஆண்டுகளில் ஆய்வு விடுப்பில் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலம் இவரது வாழ்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. அங்குதான் பெண்ணிய இயக்கத்துடனும், ஒருபாலீர்ப்புடைய பெண்களின் உரிமை இயக்கத்துடனும் நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. தாமும் அத்தகையவர் என்பதைச் சுனிதி வெளிப்படையாக எழுதினார். ஆங்கிலத்தில் எழுதும் இந்தியப் பெண்களுள் இதை முதலில் வெளிப்படையாக எழுதியோரில் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இதனால் கற்பித்தலில் எழுந்த சிக்கலை இவர் 1989இல் வெளியான பிகாஸ் ஆஃப் இந்தியா என்ற நூலில் விரிவாக ஆராய்கிறார். மேலை மனிதநேய மரபில் உலகின் நடுவில் மனிதன் நிற்கிறான். அந்த மனிதன் ஐரோப்பியன், ஆண். அம்மரபின் இலக்கியத்தை வகுப்பில் விளக்க வேண்டிய ஆசிரியரோ இந்தியர், பெண். கவிதையில் பேசும் குரல் தம்முடையதன்று. கவிதையில் பேசப்படும் பொருளாகத் தாம் இருக்கலாம், அல்லது ஏதேனும் விலங்காக இருக்கலாம். மறுபிறப்பை நம்பும் இந்தியச் சூழலில் வளர்ந்தவருக்கு விலங்காக இருப்பது இழிவாகத் தோன்றவில்லை. ஆகவே இவர் விலங்கின் பக்கம் நின்று எழுதத் தொடங்கினார். பசு, கழுதை, பூனை, நரி எனப் பின்னாளில் இவரது நூல்களில் நிறைந்த விலங்குகள் அனைத்தும் இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்து வந்தவையே.

ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட் நாடகத்தை இவர் கையாண்ட விதம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அந்நாடகத்தில் காலிபன் தீவின் பழங்குடி, பிராஸ்பெரோவுக்கு அடிமை, பிராஸ்பெரோவின் மகள் மிராண்டாவிடமிருந்து மொழி கற்றவன். குடியேற்ற நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்டதற்கு ஒரு குறியீடாகவே காலிபனைப் பலர் வாசித்துள்ளனர். 1984இல் வெளியான கவிதைத் தொகுதியில் சுனிதி காலிபனைப் பெண்ணாக மாற்றினார். அதனால் மிராண்டாவுக்கும் காலிபனுக்கும் இடையிலான உறவு அச்சமும் ஈர்ப்பும் கலந்த வேறொன்றாக ஆகிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 2006இல், காலிபனின் தாயும் நாடகத்தில் மேடைக்கே வராதவளுமான சைகோராக்ஸைப் பேசவைத்தார். எல்லோரும் தீவை விட்டுச் சென்றபின் அங்குத் திரும்பி வரும் மூதாட்டியாக அவள் அக்கவிதைகளில் தோன்றுகிறாள். சென்னைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் மூல நாடகத்துடன் இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பது பயனுடையதாகும்.

நீதிக்கதைகள்

ஃபெமினிஸ்ட் ஃபேபிள்ஸ் நூலை இலண்டனில் ஷீபா என்ற பெண்ணியப் பதிப்பகம் வெளியிட்டது. பெரும்பாலும் ஒரு பக்கத்திற்குள் முடிந்துவிடும் கதைகள். பஞ்சதந்திரம், கிரேக்கத் தொன்மங்கள், ஆண்டர்சன், கிரிம் சகோதரர்கள் ஆகிய மூலங்களிலிருந்து கருக்களை எடுத்து, கதையின் முடிவையோ நோக்கையோ இவர் திருப்பிவிடுகிறார். தொகுதியின் கதைகளுள் ஒன்றில் காசியில் வாழும் ஏழை அந்தணர் ஒருவர் மகனை வேண்டித் தவமிருக்கிறார். கடவுளின் கவனக்குறைவால் மகள் பிறக்கிறாள். வளர்ந்த மகள் கடவுளிடம் தனக்கு மனிதத் தகுதி வேண்டும் என்று கேட்கிறாள். அது கடினமாயிற்றே என்று கூறிய கடவுள், அதை ஆராய ஒரு குழுவை அமைத்துவிடுகிறார். ஆட்சிப் பணியில் இருந்தவர் எழுதிய கதை என்பது அந்தக் கடைசி வரியில் தெரிகிறது!

பஞ்சதந்திரத்திற்கும் சென்னைக்கும் உள்ள பழைய உறவை இங்கு நினைவுகூரலாம். சென்னைக் கல்விச் சங்கம் எனப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார், 1826இல் பஞ்சதந்திரக் கதையை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையில் ஆக்கினார். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிக்கவே அக்கல்லூரி நிறுவப்பட்டது. ஒரு மொழியைக் கற்பிக்க விலங்குக் கதைகளைக் கையிலெடுப்பது அவ்வகையில் இந்நகரத்திற்குப் புதிதன்று. தாண்டவராய முதலியார் ஆள்வோருக்கு ஆளப்படுவோரின் மொழியைக் கதையால் கற்பித்தார். மராத்தியரான சுனிதி, ஆண்டவர்களின் மொழியிலேயே அதே கதைகளைத் திருப்பிச் சொன்னார்.

1985இல் வெளியான தி கான்வர்சேஷன்ஸ் ஆஃப் கௌ என்ற குறுநாவலில், சுனிதி என்ற பெயருடைய பேராசிரியை ஒருத்தியும் பத்ராவதி என்னும் பசுவும் உரையாடுகின்றனர். தம்மையே கேலி செய்துகொள்ளும் நகைச்சுவை இந்நூலின் வலிமை. தி புளூ டாங்கி ஃபேபிள்ஸ் (1988), தி மதர்ஸ் ஆஃப் மாயா தீப் (1989), பில்டிங் பேபல் (1996) ஆகியவை பிற நூல்களுள் சில.

சிறுவர் இலக்கியம்

சிறுவர்களுக்கான இவரது முதல் நூல் அதிதி அண்ட் தி ஒன்-ஐட் மங்கி 1986இல் இலண்டனில் வெளியானது. பாட்டன் பாட்டியின் அரண்மனையில் வாழும் அதிதி, ஒற்றைக்கண் குரங்கு, பியூட்டிஃபுல் என்ற யானை, சிரில் என்ற எறும்பு ஆகிய மூன்று நண்பர்களுடன் ஒரு டிராகனை எதிர்கொள்ளப் புறப்படுகிறாள். ஐரோப்பியக் கதை மரபில் டிராகனைக் கொல்பவன் வீரன், காப்பாற்றப்படுபவள் பெண். இங்கு வீரனின் இடத்தில் சிறுமி இருக்கிறாள். கொல்வதும் கதையின் குறிக்கோளாக இல்லை. பேசியும் யோசித்தும் வழி காண்பதே அதிதி குழுவினரின் முறை. யானைக்குரிய மதிப்பே எறும்புக்கும் தரப்படுவதைக் குழந்தைகள் விரைவில் கண்டுகொள்கின்றனர்.

பல ஆண்டுகள் தனி நூலாகவே இருந்த இக்கதை, தூலிகா பதிப்பகத்தின் முயற்சியால் பெரிய வரிசையாக வளர்ந்தது. தூலிகா 1996இல் ராதிகா மேனனால் தொடங்கப்பட்டு, ஆழ்வார்ப்பேட்டையிலிருந்து செயற்பட்டு வந்த சிறுவர் பதிப்பகம். ஆங்கிலத்துடன் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றிலும் படநூல்களை வெளியிடுவது இதன் கொள்கை. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையின் தென்பகுதியில் வேறு இரு பதிப்பகங்களும் தோன்றின. கீதா உல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் திருவான்மியூரிலும், 1996இல் தொடங்கிய கரடி டேல்ஸ் அடையாற்றிலும் இயங்கலாயின. அதற்கு முன் இந்தியாவில் ஆங்கிலச் சிறுவர் நூல் என்றால் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான கதைப் புத்தகங்கள், பள்ளித் துணைப்பாட நூல்கள், டெல்லியின் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் போன்ற சில நிறுவனங்களின் வெளியீடுகள் என்ற அளவிலேயே பெரும்பாலும் நின்றது. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஆங்கிலப் பள்ளியில் படித்த குழந்தை, தான் பார்த்திராத பனியையும் தான் உண்டிராத தின்பண்டங்களையும் கதைகளில் வாசித்து வளர்ந்தது. பாட்டி சொன்ன கதை ஒரு மொழியிலும், பள்ளியில் வாசித்த கதை வேறொரு மொழியிலும் ஒன்றையொன்று அறியாமல் இருந்தன.

2000களில் தூலிகா வெளியிட்ட அதிதி நூல்கள் இவ்விரண்டையும் சந்திக்க வைத்தன. ஷெஃபாலி ஜெயின் படங்கள் வரைந்தார். அதிதியும் நண்பர்களும் வெசூவியஸ் எரிமலையின் அரக்கனை எதிர்கொள்கின்றனர். தேம்ஸ் ஆற்று டிராகனிடம் செல்கின்றனர். புடாபெஸ்ட் நகரில் ஒருவருக்கு உதவுகின்றனர். ஒரு நூலில் அவர்கள் கிரெண்டலைச் சந்திக்கின்றனர். கிரெண்டல், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்ட பேவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் வரும் அரக்கன். ஆங்கில இலக்கிய வரலாற்று வகுப்புகள் பலவும் அக்காவியத்திலிருந்தே தொடங்குகின்றன. பட்டப்படிப்பு மாணவர்கள் அரும்பதவுரையுடன் அணுகும் பாத்திரம், இங்கு ஒரு சிறுமிக்கும் எறும்புக்கும் எதிரில் வந்து நிற்கிறது. குழந்தை இதைக் கதையாக மட்டும் வாசிக்கலாம். பின்னாளில் கல்லூரியில் அதே பெயரைக் காணும்போது, அது அந்நியப் பெயராக இராது. இந்நூல்களில் வெளிநாட்டுக்குச் செல்லும் இந்தியக் குழந்தை எதையும் வியந்து நிற்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது; உதவி தேவைப்படுவோர் அங்குள்ளவர்கள், உதவச் செல்வோர் இவர்கள். கணினியும் இணையமும் வரிசையின் வேறு சில கதைகளில் களமாகின்றன.

அதிதி வரிசைக்கு வெளியே, ஓவியர் நீலிமா ஷேக்கின் படங்களுடன் 2012இல் தூலிகா வெளியிட்ட புளூ அண்ட் அதர் ஸ்டோரீஸ் குறிப்பிடத்தக்கது. இக்கதைகள் சிறுவர்க்கா பெரியோர்க்கா என்று பிரிப்பது எளிதன்று. பெரியோருக்கான இவரது நீதிக்கதைகளையும் சற்று வளர்ந்த பிள்ளைகள் வாசிக்கலாம் என்பதே இதற்கு விடையாகும்.

பிற்காலம்

பேராசிரியப் பணியை விட்டபின் சுனிதி, ஆஸ்திரேலியாவில் பிறந்த எழுத்தாளரான கில்லியன் ஹான்ஸ்கோம்புடன் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் குடியேறினார். இருவரும் இணைந்து எழுதிய ஃபிளெஷ் அண்ட் பேப்பர் என்ற கவிதை நூல் 1986இல் வந்திருந்தது. எக்செட்டர் பல்கலைக்கழகத்தின் பெண்ணியல் ஆய்வு மையத்தில் சில ஆண்டுகள் மதிப்புறு ஆய்வாளராகவும் இருந்தார். 2012இல் டெல்லியின் ஜுபான் பதிப்பகம் இவரது எழுத்துகளின் தேர்ந்தெடுத்த தொகுப்பை வெளியிட்டது. அடுத்து வந்த சுகி என்ற நூல், இறந்துபோன தம் பூனையுடன் நடத்தும் உரையாடலாக அமைந்தது. ஈசாப்பைப் பற்றிய நூலொன்று 2018இல் வெளியானது. இவரது கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிஷர் அரிய நூல்கள் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.