புழுங்கலரிசியும் ஆய்வுக்கூடமும்: மலாயாவில் மருத்துவ ஆய்வு வேரூன்றிய வரலாறு

முன்னுரை

வளரும் நாடொன்றில் மருத்துவ ஆய்வுத்திறன் எவ்வாறு உருவாகிறது என்னும் வினாவுக்குக் கட்டடம், கருவி, நிதி ஆகியவற்றையே விடையாகக் கூறுவது வழக்கம். இவை இன்றியமையாதவை, ஆயினும் போதுமானவையல்ல என்பதை மலாயாவின் பெரிபெரி நோய் ஆய்வு வரலாறு உணர்த்துகிறது. அவ்வரலாற்றில் தமிழ்த் தொழிலாளர்க்கு உரிய இடத்தையும் இக்கட்டுரை சுட்ட முற்படுகிறது.

ஆய்வுக்கூடத்தின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரிக்குப் பலியாயினர். கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து அவர்கள் மாண்டனர். தொழிலாளர் இழப்பு அரசின் வருவாயையும் பாதித்தது. இச்சூழலில் 1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நிறுவப்பட்ட நோயியல் ஆய்வுக்கூடமே பின்னர் மருத்துவ ஆய்வுக் கழகமாக வளர்ந்தது. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்றே கருதினார். நுண்ணுயிரியல் கோலோச்சிய காலம் அது. ஆய்வுக்கூடம் இருந்தது; கேட்கப்பட்ட வினாதான் பிழையாக இருந்தது.

அடுக்களை தந்த விடை

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய அரசு மருத்துவர் பிராடன், யார் எதை உண்கிறார்கள் என்பதை உற்று நோக்கினார். தீட்டிய பச்சரிசி உண்ட சீனரிடையே நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அது அரிதாகவே காணப்பட்டது. ஒரே ஊரில், ஒரே தட்பவெப்பத்தில் வாழ்ந்தோரிடையே இவ்வேறுபாடு நிலவியது. பச்சரிசியில் நஞ்சு உருவாகிறது என்ற அவரது விளக்கம் பிழையாயினும், அரிசியே காரணம் என்ற நோக்கு சரியானது.

இதனைச் சோதிக்க வில்லியம் பிளெட்சர் 1905இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நோயாளர்களை வரிசைப்படுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். பச்சரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒரு பங்கினர்க்கும் மேல் நோயுற்றனர்; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவர்க்கே நோய் இருந்தது; அவர்களும் அந்நோயுடனேயே வந்து சேர்ந்தவர்கள்.

அடுத்து, கழகத்தின் ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலெபு காட்டில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு குழுவாக்கி ஆராய்ந்தனர். பச்சரிசிக் குழுவில் மூன்று திங்களளவில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் அது நின்றது. தீட்டும்போது நீங்கும் தவிட்டில் இன்றியமையாத பொருள் உள்ளதென்று, கோழிகளைக் கொண்டும் அவர்கள் நிறுவினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இப்பொருள் மணியின் உட்பகுதிக்குச் சென்றுவிடுகிறது. அதனாலேயே தீட்டிய பின்னரும் பெரும்பகுதி எஞ்சுகிறது. 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, நோய்க்கும் தீட்டிய அரிசிக்குமான தொடர்பை ஏற்றது. அப்பொருளாகிய தயமினை 1926இல் பத்தாவியாவில் ஜான்சனும் டோனாத்தும் பிரித்தெடுத்தனர்.

எஞ்சும் வினாக்கள்

இவ்வெற்றிக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். களத்தில் நெடுநாள் பணியாற்றிய மருத்துவர். அவர்களின் ஐயத்தைச் சோதிக்கவல்ல நிலையான நிறுவனம். பிழையான கொள்கையைக் கைவிடும் நேர்மை. ஆனால் இத்திறன் யாருடையது? ஆய்வை வழிநடத்தியோர் ஐரோப்பியர். 1905இல் சிங்கப்பூரில் தோன்றிய மருத்துவப் பள்ளி உள்ளூர் மாணவரைப் பயிற்றியது. எனினும் குடியேற்ற ஆட்சியில் அவர்கள் பெரும்பாலும் துணைநிலைப் பணிகளிலேயே அமர்த்தப்பட்டனர். ஆய்வுக்கு ஆட்பட்டோரோ மனநோயாளரும் கூலித் தொழிலாளரும் ஆவர். தம் உணவைத் தெரிவு செய்யும் உரிமை காப்பகத்தில் இருந்தோர்க்கு இல்லை. அங்கு மாண்ட 18 பேரும் மருத்துவ வரலாற்றில் எண்ணாகவே எஞ்சினர்.

முடிவுரை

நெல்லை அவித்து உலர்த்தும் வழக்கம் தமிழர் எந்த ஆய்வேட்டையும் பார்த்துக் கற்றதன்று. அவர்கள் அதன் மருத்துவப் பயனை அறிந்திருந்தனர் என்று உரிமை கோருவது மிகை. எனினும் அவர்களது உணவு வழக்கமே அறிவியலுக்கு வழிகாட்டும் சான்றாக அமைந்தது. ஆய்வுத்திறன் என்பது, ஆராயப்படுவோரே வினா எழுப்புவோராகவும் உயரும் நிலை எனக் கொண்டால், 1900இல் தொடங்கிய அப்பணி ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடவில்லை. தோட்ட மருத்துவமனைப் பதிவேடுகளையும் முதியோர் நினைவுகளையும் திரட்டி ஆராய்வதும் அப்பணியின் ஒரு பகுதியே. அதில் தமிழாய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் பங்குண்டு.