நாராயணய்யா கேஸும் நம்ம ஊர்ப் பாட்டிகளும்

தகப்பன் சாராயத்திலோ கஞ்சாவிலோ மாத்திரையிலோ விழுந்துவிட்டால், பிள்ளையை அவனிடமிருந்து சட்டப்படி பிரித்துவிட முடியுமா? கோர்ட்டில் சிப்பந்தியாக முப்பத்து மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் ஆர்.கே.பேட்டையில் குறைவு. டீக்கடையில் கேட்பார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள். பிரித்து வைக்கலாம், அறுத்து விடுவது கஷ்டம் என்று சொல்லி வைப்பேன். அந்த இரண்டுக்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதில் முக்கியமான ஒருவர் நம்ம பக்கத்து மனிதர்தான்.

1960 ஏப்ரல் வரை நம்ம ஊர் சித்தூர் ஜில்லாவில் இருந்தது என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மதனப்பள்ளியும் அதே ஜில்லாதான். அங்கே குடியிருந்த ஜிட்டு நாராயணய்யா ஓய்வு பெற்ற தாசில்தார். பெண்டாட்டி இறந்து நாலு வருஷம் கழித்து, 1909இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பையன்களில் ஒருவர்தான் பிற்பாடு உலகம் அறிந்த ஜே.கிருஷ்ணமூர்த்தி. 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் கார்டியன் பொறுப்பில் ஒப்படைத்து நாராயணய்யா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 1912இல் அம்மையார் பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துப் போய் அங்கேயே படிக்க வைத்தார். தகப்பனாருக்கு மனசு மாறியது. என் பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று கேஸ் போட்டார்.

மதராஸ் ஹைகோர்ட்டில் பெசன்ட் அம்மையார் தாமே நின்று வாதாடினார். தகப்பனார் பக்கத்து வக்கீல் சி.பி.ராமசாமி ஐயர். (அடுத்த சில வருஷத்திலேயே இவர் ஹோம் ரூல் இயக்கத்தில் அதே அம்மையாருக்கு வலது கையாக இருந்தார். வக்கீல் தொழில் அப்படித்தான்.) 1913இல் ஹைகோர்ட் தகப்பனார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. பையன்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை, இந்த வழக்கு இங்கே போட்டிருக்க வேண்டியதல்ல என்பது காரணம். அம்மையாருக்கு வெற்றி. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். பிள்ளை மேல் தகப்பனுக்கு இருப்பது ஒரு நம்பிக்கைப் பொறுப்பு; தன் ஆயுள் காலத்தில் அதை இன்னொருவருக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது; கொடுத்தாலும் பிள்ளையின் நலனுக்கு உட்பட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இதில் எனக்கு எப்போதும் உறைப்பது வேறொரு விஷயம். இதே பெசன்ட் அம்மையாரிடமிருந்து 1878இல் இங்கிலாந்துக் கோர்ட் அவருடைய மகள் மேபலைப் பிடுங்கிப் புருஷனிடம் கொடுத்திருந்தது. அவர் குடிக்கவில்லை, அடிக்கவில்லை. நாஸ்திகம் பேசினார், குடும்பக் கட்டுப்பாட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அந்தக் காலத்தில் ஒரு தாய் தகுதியில்லாதவள் ஆவதற்கு அதுவே போதும். பெற்றவருக்குத் தகுதியில்லை என்று சொல்லும் அதிகாரத்தைக் கோர்ட்டுக்குக் கொடுக்கும்போது கொஞ்சம் பயமும் வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இந்த மேபல் கேஸ்தான் காரணம்.

நாராயணய்யா கேஸுக்கும் போதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்ம பக்கத்தில் பெண் இறந்துவிட்டால், குடிகார மருமகனிடம் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்குகிறோமே, "என் குழந்தையை மாமியார் வளர்க்கச் சம்மதிக்கிறேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று, அந்தத் தாளின் கதியை 1914லேயே எழுதிவிட்டார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கோர்ட்டுக்கு 90களின் நடுவில் ஒரு அம்மா வந்தார்கள். தறி வேலை செய்யும் குடும்பம். பெண் போய்ச் சேர்ந்துவிட்டாள், பேரனுக்கு அப்போது மூன்று வயது. மருமகன் எல்லை தாண்டி வரும் சரக்கையும் தூக்க மாத்திரையையும் சேர்த்து அடிக்கிற ஆள். பஞ்சாயத்துப் பேசி அப்படி ஒரு தாள் எழுதி வாங்கி, மஞ்சள் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் ஆறு வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்கள். பையனுக்கு ஒன்பது வயதானதும் மருமகன் வந்து நின்றான். பாசத்தில் வரவில்லை. பையனைத் தறிக்கு விடுவதாகச் சொல்லி ஓர் இடத்தில் முன்பணம் வாங்கிவிட்டான். அந்த அம்மா தாளை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்கள். "ஐயா, நாலு பேர் சாட்சிக் கையெழுத்து இருக்குது பாருங்க" என்றார்கள். சாட்சி நாலு பேர் என்ன, நாற்பது பேர் போட்டிருந்தாலும் அந்தத் தாள் தகப்பனின் உரிமையை முடிக்காது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வக்கீல்தான் சொன்னார்.

1890ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டத்தின் கீழ் மனு போட்டார்கள். அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தகப்பன் உயிரோடிருந்து, அவன் தகுதியற்றவன் என்று கோர்ட் கருதாத வரைக்கும் வேறு கார்டியனை நியமிக்கக் கூடாது என்கிறது. ஆகவே அவன் தகுதியற்றவன் என்று நிரூபிக்க வேண்டும். வாய்தா மேல் வாய்தா. வாய்தாவுக்கு மருமகன் நன்றாகக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசிக்கொண்டு வருவான். பார்த்தால் யாரும் குடிகாரன் என்று சொல்ல மாட்டார்கள். கடைசியில் நீதிபதி பையனைத் தன் அறைக்கு அழைத்து அரை மணி நேரம் தனியாகப் பேசினார். பாட்டிக்கே கார்டியன் பொறுப்பைக் கொடுத்து, தகப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று உத்தரவு போட்டார். மூன்று ஞாயிறு வந்தானாம். நாலாவது ஞாயிறும் பையன் சட்டை மாற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான் என்று அந்த அம்மா உத்தரவு நகல் வாங்க வந்தபோது சொன்னார்கள்.

குடிகாரப் பெற்றோரைப் பற்றிச் சட்டம் பேசவே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலேயே முதலாவதாகச் சிறுவர்களுக்கென்று சட்டம் போட்டது நம்ம மதராஸ் மாகாணம்தான், 1920இல். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்னால் வந்தன. இங்கிலாந்தின் 1908ஆம் வருஷத்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. குற்றப் பழக்கத்தாலோ குடிப் பழக்கத்தாலோ பிள்ளையை வைத்துக்கொள்ளத் தகுதியற்ற பெற்றோரிடம் இருக்கும் பிள்ளையைக் கோர்ட் முன் நிறுத்தி, சான்று பெற்ற பள்ளிக்கு அனுப்பலாம் என்று அதில் இருந்தது. இதே சர்க்கார்தான் அப்போது கள்ளுக்கடை, சாராயக்கடைகளுக்கு ஏலம் விட்டு, கஞ்சாவுக்கும் அபினிக்கும் லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. வலது கையில் கடை, இடது கையில் பள்ளிக்கூடம். அந்த வழக்கம் இன்றைக்கும் முழுக்க மாறிவிடவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

1986இல் வந்த தேசியச் சட்டத்தில் "குடி" என்ற சொல்லை எடுத்துவிட்டு, பொதுவாகத் "தகுதியற்ற அல்லது இயலாத" பெற்றோர் என்று எழுதினார்கள். இப்போது இருக்கும் 2015ஆம் வருஷத்துச் சட்டமும் அப்படியே. மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழு விசாரித்து, பிள்ளையைத் தகுந்த ஒருவரிடமோ இல்லத்திலோ வைக்கலாம், பெற்றவர் தேறினால் கண்காணிப்போடு திருப்பியும் அனுப்பலாம். இது பிரித்து வைப்பது. அறுத்து விடுவது என்றால் தத்துக்குப் போவது. பெற்றவர் குழுவின் முன் வந்து பிள்ளையை ஒப்படைத்தால், மனம் மாற இரண்டு மாசம் அவகாசம் கொடுக்கிறார்கள். அநாதரவாக விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு வேறு விசாரணை. இல்லத்தில் இருந்தும் வருஷக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத பிள்ளைகளையும், பொறுப்பாளர் தகுதியற்றவர் என்று முடிவான பிள்ளைகளையும் அண்மைக் காலமாகத் தத்துக்கான கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இவையெல்லாம் இல்லத்துக்குள் போய்ச் சேர்ந்த பிள்ளைகளின் கணக்கு. பாட்டி வீட்டுத் திண்ணையில் இருக்கிற பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை.

பாட்டியே தத்து எடுத்துக்கொள்ளட்டுமே என்றால், 1956ஆம் வருஷத்து இந்து தத்துச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பெற்றவர்களில் ஒருவர் கொடுக்கும்போது மற்றவரின் சம்மதம் வேண்டும். எப்போது வேண்டாம் என்றால், அவர் சந்நியாசம் வாங்கியிருந்தால், இந்துவாக இல்லாமல் போயிருந்தால், புத்தி சுவாதீனம் இல்லை என்று கோர்ட் அறிவித்திருந்தால். இந்த மூன்றே மூன்றுதான். காவி கட்டியவன் சம்மதம் வேண்டாம், காலையிலிருந்து கஞ்சாவில் கிடப்பவன் சம்மதம் வேண்டும். சட்டம் எழுதியவர்கள் வீட்டுப் பக்கம் இந்த மாதிரி மருமகன்கள் இல்லை போலிருக்கிறது.

அமெரிக்காவில் நேர் எதிர். 1997இல் ஒரு சட்டம் போட்டார்கள். கடைசி 22 மாசத்தில் 15 மாசம் பிள்ளை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையை முடிக்க அரசே மனுப் போட வேண்டும். போதையிலிருந்து மீள்வது பதினைந்து மாசக் கணக்குக்குள் அடங்குமா? விழுந்து, எழுந்து, திரும்பவும் விழுந்துதான் பலர் மீள்கிறார்கள். ஆனால் ஒன்று, பிள்ளை உறவினரிடம் இருந்தால் அரசு மனுப் போடாமல் விடலாம் என்று அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அங்கேயும் பாட்டிக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். லண்டனில் 2008இல் நிக்கலஸ் கிரைட்டன் என்ற நீதிபதி இதற்கென்றே ஒரு தனிக் கோர்ட் தொடங்கினார். போதையில் இருக்கும் தாய் தகப்பனை நீதிபதியே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உட்கார வைத்துப் பேசுவார், சிகிச்சைக் குழுவும் கூடவே இருக்கும். வெள்ளைச் சட்டை விபூதி வேஷமெல்லாம் அங்கே ரொம்ப நாள் ஓடாது.

போதை ஒரு நோய் என்பதை நம்ம ஊரிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்திலும், சிறிய அளவோடு பிடிபட்டவன் தானாகவே சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம், சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஒரேயடியாக அறுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் திண்ணைப் பையன் நாலாவது ஞாயிறும் சட்டை மாற்றிக்கொண்டானே, அதை எந்தச் சட்டத்தால் அறுப்பது? ஆனால் தகப்பன் தேறும் வரை பாட்டி கையில் செல்லுபடியாகும் ஒரு காகிதம் இருக்க வேண்டும், அது வாய்தா இல்லாமல் சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

அதனால் முத்திரைத்தாளை நம்பி உட்காராதீர்கள். பேரப்பிள்ளையைப் போதையில் இருக்கும் தகப்பனிடமிருந்து காப்பாற்றி வைத்திருப்பவர்கள் திருவள்ளூரில் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒரு மனுக் கொடுத்து, நலக் குழுவின் உத்தரவைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டியன் மனுப் போடப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்டப் பணிகள் குழுவில் கேட்க வேண்டும். தகுதியுள்ள குடும்பங்களுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய் உதவியும் இருக்கிறது. போகும்போது பிள்ளையின் பிறப்புச் சான்று, தாயின் இறப்புச் சான்று, பள்ளிக்கூடத்தில் படிப்பதற்கான சான்று மூன்றும் எடுத்துப் போங்கள். தகப்பன் எப்போதாவது சிகிச்சையில் இருந்திருந்தால் அந்தச் சீட்டையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள்.

எழுதத் தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்தால் மனு நான் எழுதித் தருகிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் எதிர்வீட்டுத் தறிச் சத்தத்தில் நீங்கள் சொல்வது எனக்குக் கேட்காது.